மேனேஜருக்கு அடிபட்ட நாள்

அத்தியாயம் பதினொன்று

சுவர் விழுந்தபோது சசிகலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

விழும் என்று யாருக்கும் தெரியாதா என்ன? கட்டி முடித்த அன்றைக்கே மேஸ்திரி பச்சியப்பன் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனார். "இத பாருங்க, ஹாலோ பிளாக் செவுரு. ஒரு வாரத்துக்குக் காலைல சாயந்தரம் தண்ணி ஊத்தணும். ஊத்தலன்னா அப்பளம்தான், சொல்லிட்டேன்."

ஊற்றினார்களா? மூத்தவன் மாது, "அவனுங்க பக்கம் ஊத்துனா நம்ம பக்கமும் ஊறிக்கும், வுடு" என்றான். இளையவன், சசிகலாவின் புருஷன் சிவக்குமார், "செவுரு கேட்டது அவரு. அவரே ஊத்தட்டும்" என்று லாரி ஏறிப் போய்விட்டான். போர்வெல் தண்ணீர் முறைக்காக அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள், பிரித்த சுவருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற மனசு வராமல் விட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அதுவும் பத்தாதென்று, அந்தப் பக்கம் மாதுவின் மனைவி அமுதவல்லி புளி மூட்டைகளைச் சுவரோடு சுவராக அடுக்கினாள். இந்தப் பக்கம் சசிகலா அலமாரி மாட்ட நாலு ஆணி இறக்கினாள். பச்சைச் சுவர் எத்தனையைத்தான் தாங்கும்?

மொரப்பூருக்குத் தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. கூடத்தைச் சரிபாதியாக வெட்டி நின்றது சுவர். சமையலறை மூத்தவர் பக்கம் போய்விட்டது. சசிகலாவுக்குக் கிடைத்தது கூடத்தின் கடைசியில் இருந்த சாமான் அறை. அதைத்தான் சமையலறை என்று சொல்லிக்கொண்டு அவள் வெந்துகொண்டிருந்தாள். கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று, மாட்டுக்கொட்டாயைப் பார்த்து. வாசல் இரண்டு. ஒன்று கூடத்துக்கு. இன்னொன்று பழைய சமையலறைக்கு, அதாவது மூத்தவர் பக்கத்துக்கு. அந்தக் கதவைத்தான் பாகம் பிரித்த அன்றைக்கு அந்தப் பக்கமிருந்து குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

ஆணி மட்டுமா? மாது கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றினான். "இந்தக் கதவத் தொறக்கறவங்க புள்ளகுட்டி வெளங்காது" என்று சொல்லி அணைத்தான். தம்பியையும் அணைக்க வைத்தான். இரண்டு பெண்களையும் விடவில்லை. முனியப்பன் கோயிலில் கையெடுக்காத நாள் இல்லாத குடும்பம். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் செய்ததுதான்.

இத்தனையும் பிரித்தார்களே, ஒன்றை மட்டும் பிரிக்க மறந்துபோனார்கள். பூனையை.

சாம்பல் நிறத்தில் வரி போட்ட கடுவன். ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் மேனேஜர் என்று பெயர். இந்தப் பக்கம் கருவாடு, அந்தப் பக்கம் பால். சுவர் எழும்பிய நாளிலிருந்து ஓரகத்திகள் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் மேனேஜரிடம்தான் பேசினார்கள். "ஏண்டா மேனேஜரு, மோட்டார நிறுத்தணும்னு சிலருக்குத் தோணாதா?" என்று அங்கிருந்து குரல் வரும். "மேனேஜரு, சிலருக்குக் காது இருந்தா மோட்டார் நின்னது கேட்டிருக்கும்" என்று இங்கிருந்து பதில் போகும். அவன் நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருப்பான்.

அன்றைக்குக் கருவாட்டு வாசனை பிடித்து அவன் கூடத்திலிருந்து வாசல்படியைத் தாண்டும் நேரத்தில்தான் சுவர் சரிந்தது.

சத்தம் அடங்கிய பிறகும் சசிகலாவால் மூச்சு விட முடியவில்லை. ஒரே புழுதி. கை தானாக அடுப்பை அணைத்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் கூடத்து வாசலைக் காணோம். கதவு நிலை சாய்ந்து கிடக்க, கல்லும் மண்ணுமாக வாசல் அடைத்துக்கொண்டது. மேலே ஓடுகள் தொங்கின. ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். சடசடவென்று நாலு ஓடு சரிந்து காலடியில் உடைந்தது. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஐயோ, மேனேஜரு!"

கல் குவியலின் ஓரத்திலிருந்து அவன் வந்தான். நடந்து வரவில்லை, முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு வந்தான். அரிசி மூட்டைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினான்.

கூடத்தில், கல்லுக்கு அடியில் எங்கேயோ, அவளுடைய செல்போன் அடித்தது. சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். சிவக்குமார்தான். இந்நேரம் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருப்பான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் அடைபட்ட வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைக்கெட்டும் தூரம்தான். எட்டவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று ஜன்னலில் போய்க் கத்தினாள். பசு மட்டும் திரும்பிப் பார்த்தது. அக்கம்பக்கத்துக் காட்டு ஜனமெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாது சந்தைக்குப் போயிருந்தான்.

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. தலையெல்லாம் புழுதியோடு அமுதவல்லி.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அமுதவல்லியின் பார்வை அவள் தலையிலிருந்து கால் வரைக்கும் ஓடியது. அடிபடவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பசுவைப் பார்த்தாள். அடேயப்பா, என்ன வீம்பு!

"மேனேஜரு," என்று பசுவைப் பார்த்தே கூப்பிட்டாள், "எங்கடா இருக்க? உசுரோட இருக்கியா?"

உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. அமுதவல்லியின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"பின்னங்கால் இழுத்துக்குது" என்றாள் சசிகலா, யாரிடம் என்று இல்லாமல். "வலிக்கு மாத்திரை இருக்குது. பொடிச்சுக் குடுக்கலாம்னு..."

அமுதவல்லி அதற்குள் போனை எடுத்து, மாட்டுக்குச் சினை ஊசி போடக் கூப்பிடும் கால்நடை டாக்டருக்கு அடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக் கம்பிக்குள் நீட்டினாள்.

டாக்டர் சோபனா சின்னப் பெண். ஆனால் குரலில் பதற்றமே இல்லை. "மாத்திரையா? என்ன மாத்திரை? காய்ச்சல் மாத்திரையா? ஐயோ, வேண்டாங்க! மனுசங்க மாத்திரைல அரை துண்டு போதும், பூனை செத்துடும். எதுவும் குடுக்காதீங்க. தண்ணி கூட வேண்டாம். நான் சொல்ற மாதிரி பாருங்க."

சசிகலா கையிலிருந்த மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"மொதல்ல துண்டு போட்டுத் தலையை மூடுங்க. வலியில கடிக்கும், கோவிச்சுக்காதீங்க. மூச்சு எப்படி விடுது? வாயத் தொறந்துட்டா?"

"வாய் மூடித்தான் இருக்குதுங்க. ஆனா வேகமா விடுது."

"மூக்குல, காதுல ரத்தம்?"

"இல்லைங்க."

"மேலுதட்டத் தூக்கி ஈறைப் பாருங்க. என்ன கலர்?"

துண்டுக்குள் கையை விட்டு உதட்டைத் தூக்கினாள். மேனேஜர் சீறினான். கட்டைவிரலில் பல் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. "வெளுத்த ரோஸுங்க."

"விரலால ஈறை அழுத்திட்டு எடுங்க. வெள்ளையாயிட்டு, உடனே நிறம் திரும்புதா?"

"திரும்புது. கொஞ்சம் மெதுவாத்தான் திரும்புது."

"ம்..." என்றார் டாக்டர். அந்த 'ம்' சசிகலாவுக்கும் பிடிக்கவில்லை, அமுதவல்லிக்கும் பிடிக்கவில்லை.

"சரி. பின்னங்கால் விரலை லேசாக் கிள்ளுங்க. காலை இழுக்குதா?"

வலது காலைக் கிள்ளினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இடது காலைக் கிள்ளினாள். துணி மாதிரி கிடந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரல்கள் மெல்ல மடங்கின.

"அசையுது! அசையுதுங்க டாக்டர்!"

"நல்லது. ஆனா செவுரு விழுந்திருக்குன்னா உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதான்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. நான் பாக்கணும். தூக்காதீங்க, பலகை, முறம், எதுலயாவது நகத்தி வெச்சுக் கொண்டுவாங்க. மத்தியானம் வரைக்கும்தான் இங்க இருப்பேன், அப்புறம் கேம்ப் போறேன்."

போன் அணைந்தது.

கொண்டுவாங்க என்று சொல்லிவிட்டார். எப்படிக் கொண்டுபோவது? கூடத்து வாசல் அடைத்துவிட்டது. ஜன்னல் கம்பிக்குள் பூனையை நுழைக்கலாம். இடுப்பை மடக்கினால் உள்ளே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சமிருந்தது அந்த ஒரு கதவுதான். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அமுதவல்லி ஜன்னலை விட்டுப் போய்விட்டாள்.

போனவள் வரவில்லை. சசிகலா மண் தரையில் உட்கார்ந்து பூனையின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது, இறங்கியது. கல்லுக்கு அடியில் போன் அடித்து ஓய்ந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதிலிருந்தும் வெளியே போக முடிந்ததில்லை என்று தோன்றியது. சண்டை அவர்களுடையது, சுவர் அவர்களுடையது, சத்தியம் அவர்களுடையது. உள்ளே மாட்டிக்கொண்டது மட்டும் அவள். அவளும் இந்த வாயில்லாத சீவனும். அழுகை வந்தது. அழுதாள்.

ஆணி அடித்த கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

"மேனேஜரு," கதவுக்குப் பின்னால் அமுதவல்லியின் குரல். "எனக்கு ஒரே பொண்ணுடா. கவிப்பிரியா. சேலத்துல நர்சிங் படிக்கறா. புள்ளகுட்டி வெளங்காதுன்னு சொல்லி இந்தக் கையாலதான் சூடம் அணைச்சேன். நான் என்னடா பண்ணட்டும்?"

சசிகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா," என்றாள்.

அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றது.

"அக்கா, நீங்க தொறக்க வேணாம். கவி எனக்கும் பொண்ணுதான். கடப்பாரைய ஜன்னல் வழியாக் குடுத்துட்டு, நீங்க பேசாம உக்காருங்க. நான் உள்ள இருந்து நெம்பித் தள்ளறேன்."

"நீயும்தான சூடம் அணைச்ச?"

"எனக்குத்தான் புள்ளகுட்டி கெடையாதே. நான் தொறந்தா சாமி யாரத் தேடிட்டுப் போவும்?"

சொன்னது அவள்தான். அஞ்சு வருசமாக ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்து மழுப்பியவள், ஆணி அடித்த கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கமிருந்து, "வாய மூடு புள்ள!" என்று ஒரு அதட்டல். "நாளைக்குப் பொறக்கப் போறது என்ன அநாதையா? அது தலைல கொண்டு போய் வெக்கறதுக்கு நீ யாரு?"

டங்கென்று பலகையில் கடப்பாரை விழுந்தது.

"அக்கா, வேணாங்க்கா!"

"நீ அந்தப் பக்கமிருந்து உதை! என் ஒருத்தி கைக்கு இது வராது. உங்க மாமா அடிச்ச ஆணி, லேசுல வருமா?"

சசிகலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவை உதைத்தாள். அந்தப் பக்கம் நெம்பல், இந்தப் பக்கம் உதை. நாலாவது உதையிலோ ஐந்தாவது நெம்பலிலோ பலகை கழன்று விழுந்தது. கதவு திறந்துகொண்டது. கடப்பாரையோடு அமுதவல்லி, மூச்சு வாங்க, எதிரே. யார் திறந்தது என்று இருவராலும் சொல்ல முடியாது.

"பாத்துட்டு நிக்கறியே, முறத்த எடு!"

ஸ்கூட்டியில் அமுதவல்லி ஓட்ட, பின்னால் சசிகலா, மடியில் முறம், முறத்தில் துண்டு சுற்றிய மேனேஜர். மொரப்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் போனது. அமுதவல்லி அந்த வண்டியின் டிரைவரை, கார்டை, அவர்கள் பரம்பரையை, எல்லாரையும் வாய்விட்டுத் திட்டினாள். சசிகலா ஈறை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் வயிற்றைத் தடவினார், இடுப்பைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஊசி போட்டார். "உள்ள பெருசாக் கசியற மாதிரி இப்ப தெரியல. தொடை எலும்பு போயிருக்கு. நாளைக்கு தர்மபுரி கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துடுங்க. விடியறதுக்குள்ள ஒண்ணுக்குப் போவணும். போகலன்னா நீர்ப்பைல அடின்னு அர்த்தம், உடனே போன் பண்ணுங்க. அப்புறம் ஒண்ணு, நடமாடவே விடக்கூடாது. ஒரு சின்ன ரூம்ல, ஒரே எடத்துல வெச்சுப் பாத்துக்கணும். எடம் மாத்தி மாத்தித் தூக்கினீங்கன்னா எலும்பு சேராது."

சீட்டு எழுதும்போது கேட்டார். "யாரு வீட்டுப் பூனை?"

"எங்க வூட்டுதுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"ஒரே வீடா?"

சசிகலா முறத்தைத் தூக்கினாள், அமுதவல்லி ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள்.

வெளியே வந்து சசிகலா அக்காவின் போனில் சிவக்குமாரைக் கூப்பிட்டாள். போகவில்லை. அண்ணன் வீட்டு நம்பர்களையெல்லாம் அவன் எப்போதோ பிளாக் செய்து வைத்திருந்தான். ஆம்பளைகள் ரோசம் இருக்கிறதே, சமயத்தில் பொண்டாட்டி குரலைக்கூடக் கேட்க விடாது.

வீடு வந்தபோது மாதுவின் டிவிஎஸ் வண்டி வாசலில் நின்றது.

உள்ளே அவன், சரிந்த சுவரைப் பார்க்கவில்லை, சிதறிய புளியைப் பார்க்கவில்லை. சமையலறையில் திறந்து கிடந்த கதவைப் பார்த்து நின்றான். கையில் பலகை.

"யாரு தொறந்தது?"

"நாந்தாங்க மாமா" என்றாள் சசிகலா.

"நாந்தான்" என்றாள் அமுதவல்லி.

மாதுவின் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் பாதி, பயம் பாதி. சத்தியத்தைத் தொடங்கி வைத்தவனே அவன்தானே! "கவி ஞாபகம் வரலயா உனக்கு?" என்று மனைவியைக் கேட்டான். "சரி, ஆனது ஆச்சு. யாருக்கும் தெரியறதுக்குள்ள அடைச்சுடலாம். நாளைக்குக் கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் கேப்போம். அவங்கவங்க பக்கம் போங்க."

"மாமா, கூடத்து வாசல் அடைச்சுக் கெடக்குதுங்க," என்றாள் சசிகலா. "இதையும் அடைச்சா நான் எப்படி வெளிய வருவேன்?"

"எந்தம்பி வந்து மண்ண அள்ளட்டும். அதுவரைக்கும் வெளிய இரு."

"மேனேஜர எடம் மாத்தக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரி பக்கத்துல ஆள் வேணும். ஒண்ணுக்குப் போவுதான்னு பாக்கணும். இருக்கற சின்ன ரூம் இது ஒண்ணுதான்."

"அப்ப உள்ள இரு."

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான்! சசிகலா கூடத்து வாசலில் தொங்கிய ஓடுகளைப் பார்த்தாள். கையில் இருந்த பாரத்தைப் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை. முறத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிச் சாமான் அறைக்குள் போனாள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மேனேஜரை இறக்கினாள். முதுகுக்குப் பின்னால் மாது சுத்தியலை எடுக்கும் சத்தம் கேட்டது. ஆணி டப்பாவைத் துழாவும் சத்தம் கேட்டது.

கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அந்தக் கதவின் நிலைப்படியில், ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக, அமுதவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி" என்றான் மாது.

அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிடின்றன்! நெலப்படில பொம்பள உக்காரக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

வெளியே லாரி ஒன்று காட்டுப் பாதையில் வேகமாக வந்து பிரேக் போட்டது. லாரிக் கதவு படாரென்று அறைந்தது. "சசி! சசி!" என்று, போன் எடுக்காததால் பாதி வழியிலேயே திரும்பிவிட்ட சிவக்குமார் கத்திக்கொண்டு ஓடிவந்து, கூடத்தில் சரிந்து கிடந்த சுவரைக் கண்டான். "எவன்டா செவுத்தத் தள்ளுனது? எம் பொண்டாட்டி எங்கடா?"

மாதுவின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது. அமுதவல்லி அசையவில்லை. புருஷனை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"எந்தக் குடும்பத்துக்கு ஆவாதுங்க? இந்தப் பக்கத்துக்கா, அந்தப் பக்கத்துக்கா?"